எட்டு இல்லாத கட்டிடம்

தனுஷ்கோடி அண்ணாச்சிக்கு எட்டு ஆகாது. சிவகாசியில் பட்டாசு விற்றுச் சம்பாதித்ததையெல்லாம் சென்னையில் கட்டிடமாக நிறுத்திக்கொண்டிருந்தார். கீழே கடைகள், நடுவில் அலுவலகங்கள், மேலே ஹோட்டல். முந்நூறு மீட்டருக்கு மேல் உயரம், எழுபத்திரண்டு மாடி. எட்டில் முடிகிற மாடி ஒன்றுகூட வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டதால், ஏழுக்கு அடுத்து ஒன்பது, பதினேழுக்கு அடுத்து பத்தொன்பது என்று எண் போட்டார்கள். உச்சி மாடி எண்பது ஆகிவிட்டது. விற்கிறவர்களுக்கும் அதில் சந்தோஷம்தான்.

கட்டிடத்தின் கட்டமைப்புப் பொறியாளர் அனுப்பிரியா விருதுநகர்க்காரி. எட்டைக் கண்டால் ஒதுங்குகிறவர்கள் அவளுக்குப் புதிதல்ல. பெயர்தானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டாள். அங்கேதான் கோட்டை விட்டாள். அவளுடைய வரைபடங்கள் மாடிகளை உள்ளபடி எண்ணின. காற்றில் கட்டிடம் ஆடாதபடி நடுச்சுவரையும் ஓரத்துத் தூண்களையும் சேர்த்துப் பிடிக்கும் இரும்புக் கைகள் நாற்பதாவது மாடியில் வர வேண்டும். வேலையிடத்தில் இருந்தவர்கள் சுவரில் எழுதியிருந்த நாற்பதைப் பார்த்து மாட்டத் தொடங்கிவிட்டார்கள். அது உண்மையில் முப்பத்தாறாவது மாடி.

சிவகாசியை அடுத்த நாரணாபுரத்தில், அண்ணாச்சியின் பட்டாசு ஆலை அலுவலகத்தில் அவர் முன் போய் உட்கார்ந்தாள். வேலை போனால் போகட்டும். மாட்டியது அப்படியே இருக்கட்டும் என்று இவர் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்பதுதான் பயம்.

“தப்பு என்மேலதான் அண்ணாச்சி. ரெண்டு நம்பரையும் வரைபடத்துல போட்டிருக்கணும். மாட்டுனதக் களட்டி மேல கொண்டுபோகணும், திறப்பு விழா ஆறு மாசம் தள்ளும். இப்படியே விட்டா புயல் அடிக்கும்போது ஹோட்டல்ல ஆளு இருக்க முடியாது.”

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

“இங்கன எட்டாம் நம்பர் ரூம் வெடிச்சு ரெண்டு பேரு போனாக. அந்த நம்பரே வேண்டாம்னு ஏளுக்கு அடுத்து ஒம்பதுன்னு பெயிண்ட் அடிச்சேன். ஆலை வரைபடத்துல பளைய நம்பர்தான் கெடந்துச்சு. மறுவருசம் புது டிரைவரு அதப் பாத்து, பன்னெண்டுல எறக்க வேண்டிய வெடிமருந்த அடுத்த ரூம்ல எறக்கிட்டான். அங்கன பாண்டிமீனான்னு வேலைக்கு வந்த பொண்ணு திரி செருகிக்கிட்டு இருந்தா. மருந்து வெடிச்சு அவளும் போயிட்டா.”

அவர் கண்ணாடியை எடுத்துத் துடைத்தார்.

“நம்பர மாத்துனதுதான் காரணம்னு நான் யாருகிட்டயும் சொன்னதில்லம்மா. களட்டச் சொல்லு. எல்லா மாடிக்கும் எட்ட விடாம உள்ளபடியே நம்பர் போடுங்க. எட்டாவது மாடிய எவனும் வாங்க மாட்டான். என் ஆபீஸ அங்கன வச்சிருங்க.”