வெட்டிய படம்

1983 சித்திரையில் நூற்பாலை தன் விதியை மாற்றியது. அதுவரை ஒரு தொழிலாளிக்கு எத்தனை எக்ஸ்ரே படம் எடுத்தாலும் ஆலை பணம் கொடுத்தது. இனி ஓர் ஆளுக்கு ஒரு படம். அதற்கு மேல் எடுத்தால் செலவு எடுத்தவருடையது.

திருவண்ணாமலையில் எக்ஸ்ரே நிலையம் வைத்திருந்த டாக்டர் சந்திரகலா இதைச் சொல்லி ஆலை அனுப்பிய கடிதத்தை இரண்டு முறை படித்தார். முன்னாலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று பார்க்காமல் எந்த எலும்பைப் பற்றியும் அவர் கையெழுத்திட்டதில்லை.

எக்ஸ்ரே கதிர் புகாத ஈயத் தகடு ஒன்று வெட்டி வாங்கினார். படத்தின் ஒரு பாதியைத் தகட்டால் மூடிவிட்டு முன்பக்கத்தை எடுத்தார். தகட்டை மறுபாதிக்கு மாற்றிப் பக்கவாட்டை எடுத்தார். ஒரே படத்தில் கை இரண்டு முறை விழுந்தது. கைக்கும் பாதத்துக்கும் இது போதும். இடுப்புக்குப் போதாது. இடுப்பு வந்தால் இரண்டாவது படத்தைத் தன் செலவில் எடுத்தார்.

வைகாசியில் ஆராயி வந்தாள். ஆலையில் நூல் சுற்றும் வேலை. ஈரத் தரையில் வழுக்கி வலது கையை ஊன்றி விழுந்திருந்தாள். முன்பக்கப் பாதியில் எலும்பு சுத்தமாக இருந்தது. பக்கவாட்டுப் பாதியில் மணிக்கட்டுக்குச் சற்று மேலே முறிந்து பின்னால் சாய்ந்திருந்தது. சந்திரகலா கையை அட்டை வைத்துக் கட்டினார். முறிவு தெரியும் பாதியின் ஓரத்தில் அறிக்கையைக் குத்திப் படத்தை ஆலைக்கு அனுப்பினார்.

மூன்றாம் நாள் ஓர் உறை வந்தது. உள்ளே பக்கவாட்டுப் பாதி மட்டும், அறிக்கையோடு. ஓரம் கத்தரியால் நேராக வெட்டப்பட்டிருந்தது. ஆலை குமாஸ்தா கோதண்டராமன் ஒரு சீட்டு வைத்திருந்தார்: ஓர் ஆளுக்கு ஒரு படமே அனுமதி. கூடுதல் படம் திருப்பி அனுப்பப்படுகிறது.

அன்றே ஆராயியும் வந்தாள். ஆலை டாக்டர் தசரதன் தன்னிடம் இருந்த பாதியைப் பார்த்துவிட்டுக் கையில் ஒன்றுமில்லை என்று எழுதிவிட்டார். மறுநாள் காலை அவள் மிஷினில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் வேலை போய்விடும்.

“நான் நடிக்கிறேன்றாங்க டாக்டரம்மா. நோவு கொஞ்சமும் கம்மியாவல.”

“நீ நடிக்கல. என்கூட வா.”

உறையை எடுத்துக்கொண்டு நிலையத்தைப் பூட்டினார். இருவரும் பஸ் ஏறினார்கள். ஆலை ஊருக்கு வெளியே, வேங்கிக்கால் கிராமத்தைத் தாண்டி இருந்தது.

தசரதன் மூத்தவர். லீவுக்காக இந்தப் பெண்கள் சொல்லாத நோவு இல்லை என்றார், ஆராயியை வைத்துக்கொண்டே. சந்திரகலா கோப்பிலிருந்த பாதியைக் கேட்டு வாங்கினார். ஜன்னல் வெளிச்சத்தில் இரண்டு பாதிகளையும் பிடித்து வெட்டிய ஓரங்களைச் சேர்த்தார். பொருந்தின.

தசரதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். கோதண்டராமனைக் கூப்பிட்டார்.

“ஒரு ஆளுக்கு ஒண்ணுன்னு உத்தரவுங்க. இதுல ரெண்டு கை இருந்துது. ஒண்ண வச்சிக்கினு ஒண்ண அனுப்பிட்டேன்.”

“எதைப் பாத்து இதை வச்சிக்கின?”

“இதாங்க நல்லா இருந்துது. அதுல எலும்பு கோணலா தெரிஞ்சுது. சரியா விழலைன்னு நெனச்சேன்.”

முதலில் சிரித்தவள் ஆராயி.

தசரதன் சிரிக்கவில்லை. தான் எழுதியதைக் குறுக்காக அடித்து, அடித்த இடத்தில் கையெழுத்திட்டார். கீழே புதிதாக எழுதினார்: மாவுக்கட்டு, ஆறு வாரம் ஓய்வு, முழுச் சம்பளம். ஆராயியிடம் தாளைக் கொடுக்கும்போது எழுந்து நின்று கொடுத்தார். அவள் இடது கையால் வாங்கிக்கொண்டாள். தசரதன் கோதண்டராமனிடம் ஏதோ தாழ்ந்த குரலில் சொன்னார்.

கோதண்டராமன் பில் தாளோடு வாசல்வரை வந்தார்.

“ரெண்டு படமாவே போட்டுக்குங்க மேடம். டாக்டர் சொல்லிட்டாரு.”

“படம் ஒண்ணுதான்,” என்றார் சந்திரகலா. “வெட்டினது நீங்க.”

எண்ணிக்கை என்றிருந்த கட்டத்தில் ஒன்று என்று எழுத்தால் எழுதிக் கையெழுத்திட்டார்.