நீலத் தொட்டிக்குள்

எவர்சில்வர் துருப்பிடிக்காது என்று சொல்பவர்களை எங்கள் பட்டறைக்குக் கூட்டிவந்து, உப்புநீர் தின்ற தகட்டைக் காட்ட வேண்டும். அம்மைத் தழும்பு விழுந்த முகம் மாதிரி இருக்கும். அதனால்தான் தொட்டிகளுக்கு உள்ளே பாலிமர் பூச்சு. அடிப்பவர் என் அக்கா வீட்டுக்காரர். அதில் ஊசித் துளை இருக்கிறதா என்று பார்ப்பது நான்.

போன இரண்டு தொட்டிகளிலும் துளை. இதிலும் இருந்தால் அத்தான் வேலையை விட்டுப் போக வேண்டியதுதான் என்று முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார். காலையில் அக்கா சாப்பாட்டு டப்பாவை நீட்டும்போது, "பாத்துப் பண்ணுடி" என்றாள். எதைப் பார்த்து? சுருக்கென்று கோபம் வந்தது. அவள் முகத்தைப் பார்த்துவிட்டு டப்பாவை வாங்கிக்கொண்டேன்.

சோதிக்கும் கருவி ஒரு சின்னப் பெட்டி. ஒரு ஒயரின் முனையில் ஈர ஸ்பாஞ்ச். இன்னொரு ஒயரின் கிளிப்பைத் தொட்டியின் வெறும் உலோகத்தில் மாட்ட வேண்டும். பூச்சில் துளை இருந்தால் ஈரம் அதன் வழியே உலோகத்தைத் தொடும், பெட்டி அலறும். அன்று கிளிப்பை மாட்டியது மேலே நின்ற அத்தான்.

வட்ட வாசல் வழியே ஏணியில் இறங்கினேன். எங்கும் பூச்சின் நீலம். மேலேயிருந்து விழுந்த வெளிச்சம் ஸ்பாஞ்ச் தடவிய ஈரத்தில் நெளிந்தது. மூச்சு விட்டால் அது சுவரைச் சுற்றிவிட்டு மெதுவாக என்னிடமே வந்தது. சுவர் எது, தரை எது என்று தெரியவில்லை. தண்ணீருக்கடியில் நனையாமல் நடப்பதுபோல் போய்க்கொண்டே இருந்தேன். பெட்டி வாயே திறக்கவில்லை. ஒரு கட்டத்தில் அக்காவின் வீட்டுக்குள் நடப்பதாகவே தோன்றியது. அவள் பக்கத்து அறையில் கவலையில்லாமல் தூங்குகிறாள், நான் அவளை எழுப்பாமல் சுவரைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன். அவ்வளவு சந்தோஷமாக நான் வேலை செய்ததே இல்லை.

மேலே ஏறித் தலையை நீட்டினேன். "அத்தான், ஒரு துளைகூட இல்ல! இன்னிக்கு நீங்கதான் ராஜா!"

அவர் சிரிக்கவில்லை. குனிந்து கிளிப்பைக் கழற்றினார். அது வாசல் விளிம்பில், பூச்சின் மேலேயே மாட்டியிருந்தது. அப்படி மாட்டினால் தொட்டி சல்லடையாக இருந்தாலும் பெட்டி கத்தாது.

"தெரியாம மாட்டிட்டீங்களா?"

"தெரிஞ்சுதான்."

வந்த ஆத்திரத்தில் ஸ்பாஞ்சை அவர் மூஞ்சியில் எறிந்திருப்பேன். ஆனால் அதற்குள் அவர் மறுபடியும் குனிந்திருந்தார். கிளிப்பை வெறும் உலோகத்தில் மாட்டினார்.

"நீ இவ்ளோ சந்தோஷமா வெளிய வருவேன்னு நெனைக்கல" என்றார். "மறுபடி போ."

இறங்கினேன். சில எட்டு வைப்பதற்குள் பெட்டி வீறிட்டது. ஸ்பாஞ்சை அங்கேயே அழுத்திக்கொண்டு நின்றேன். நகர மனம் வரவில்லை.

"அடிச்சிருச்சா?" அத்தானின் குரல் தொட்டிக்குள் சுற்றிச் சுற்றி இறங்கியது. "சாக்பீஸால வட்டம் போடு. பெருசா போடு, முதலாளி கண்ணுக்குத் தெரியணும்."

அழுதுகொண்டே போட்டேன்.