நாடாளுமன்றப் பெட்டி

காலைப் பாத்திரங்களைக் கழுவிவிட்டு மடிக்கணினியைத் திறந்தபோதுதான் தமயந்தி அந்த அறிவிப்பைப் பார்த்தாள். அவள் கட்டிய பெட்டியின் தலைமேல் சிவப்பு ஓரமிட்ட ஒரு பட்டை உட்கார்ந்திருந்தது. இதை நீக்கப் பரிந்துரைக்கப்பட்டிருக்கிறது, ஒரு வாரத்துக்குள் கருத்துச் சொல்லலாம் என்றது.

இணையக் கலைக்களஞ்சியத்தில் ஒரு கட்டுரையைப் படித்துக்கொண்டே கீழே வந்தால் கடைசியில் இப்படி ஒரு பெட்டி இருக்கும். அதே பொருளைச் சேர்ந்த மற்றக் கட்டுரைகளின் பெயர்கள் அதற்குள் வரிசையாக நிற்கும். எதைச் சொடுக்கினாலும் அந்தக் கட்டுரைக்குப் போய்விடலாம். தமிழில் இந்திய நாடாளுமன்றத்துக்கான பெட்டியைத் தமயந்திதான் செய்திருந்தாள். இரண்டு அவைகள், அவைத்தலைவர்கள், குழுக்கள், மசோதா சட்டமாகும் படிகள், பொதுத்தேர்தல்கள், மாநிலவாரியாக எல்லா மக்களவைத் தொகுதிகளும், மறுசீரமைப்பில் இல்லாமல் போன தொகுதிகளும்கூட. விரித்தால் திரை முழுவதையும் பிடித்துக்கொள்ளும். நாடாளுமன்றம் பற்றிய எந்தக் கட்டுரையைத் திறந்தாலும் அதன் அடியில் இந்தப் பெட்டி முழுதாக நிற்கும்.

குடியாத்தத்தில் ஒரு தனியார் பள்ளியில் குடிமையியல் நடத்திக்கொண்டிருந்தவள் அவள். கணவன் சிவசங்கரனுக்கு எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை கிடைத்ததும் பெங்களூருக்கு வந்தாள். இங்கே சில பள்ளிகளில் கேட்டுப் பார்த்தாள். கன்னடம் தெரியுமா என்றார்கள். ஆங்கிலத்தில் சரளமாகப் பாடம் நடத்த முடியுமா என்றார்கள். முடியும் என்று சொல்லும்போதே அவள் குரல் முடியாது என்றது. அதன்பின் அவள் எங்கும் கேட்கவில்லை. ஆனால் தெரிந்ததெல்லாம் உள்ளே அப்படியே இருந்தது. யாரும் கேட்காத இடத்தில் ஒருத்திக்குத் தெரிந்தவை என்ன ஆகும் என்று பால்கனியில் துணி காயப்போடும்போது யோசித்திருக்கிறாள். அந்த யோசனையை நிறுத்தியது இந்தப் பெட்டிதான். ஒவ்வொரு பெயரையும் அதன் இடத்தில் வைக்கும்போது, வகுப்பில் கரும்பலகையின் இடது மூலையிலிருந்து எழுதத் தொடங்குகிற அந்த நிதானம் திரும்ப வந்தது.

நீக்கச் சொன்னவர் ஹரிஷ், தளத்தின் நிர்வாகிகளில் ஒருவர். நேரில் பார்த்ததில்லை. அவள் கட்டுரைகளில் எழுத்துப்பிழை இருந்தால் சத்தமில்லாமல் திருத்திவிட்டுப் போகிறவர் என்ற அளவில் தெரியும். காரணத்தையும் மரியாதையாகவே எழுதியிருந்தார். வாசகர்களில் பெரும்பாலோர் கைபேசியில் படிக்கிறார்கள், கைபேசியில் இந்தப் பெட்டி தெரிவதே இல்லை, பக்கத்தையும் கனமாக்குகிறது, தேடல் வசதி இருக்கும்போது இது தேவையா?

தமயந்தி தன் கைபேசியை எடுத்து மக்களவைக் கட்டுரையைத் திறந்தாள். விரலால் தள்ளித் தள்ளிக் கீழே போனாள். மேற்கோள்கள் வந்தன, வெளி இணைப்புகள் வந்தன, பக்கம் முடிந்தது. பெட்டி இல்லை. இத்தனை மாதங்களில் ஒருமுறைகூட அவள் கைபேசியில் பார்த்ததில்லை. கோலம் போட்டுவிட்டு, மறுபக்க வாசல் வழியாகத்தான் எல்லாரும் வருகிறார்கள் என்று தெரிந்துகொண்டதைப் போல இருந்தது.

மாலையில் சிவசங்கரனிடம் சொன்னாள். அவனுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது.

“பார்லிமென்ட்டையே ஒரு டப்பாவுல அடைச்சு வெச்சே. அந்த டப்பாவே கண்ணுக்குத் தெரியலன்னா எப்டிடி?”

அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். ஃபோனில் தெரிகிற மாதிரி மாற்ற முடியாதா என்று கேட்டான். அது தளத்தின் அமைப்பு, தன் கையில் இல்லை என்றாள். அன்று தோசையை அவனே சுட்டான்.

கருத்துப் பக்கத்தில் என்ன எழுதுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. எழுதி எழுதி அழித்தாள். அந்தத் தளத்தில் எதுவும் யாருடையதும் இல்லை. நான் செய்தது என்பது ஒரு காரணமாகாது. கடைசியில், இருக்கட்டும், பயன்படும் என்று மட்டும் எழுதினாள். யாருக்கு என்று ஹரிஷ் அடுத்த வரியில் கேட்டிருந்தார். கோபமில்லாத கேள்வி. அதனாலேயே அது அவளைத் தொந்தரவு செய்தது. யாருக்கு? பால் வாங்கப் போகும்போதும் கேட்டது, லிஃப்டில் நிற்கும்போதும் கேட்டது. நீ யாருக்குப் பயன்படுகிறாய் என்றே கேட்டதைப் போல.

வாரம் பாதிக்குமேல் கழிந்தபிறகு, யாரும் எட்டிப்பார்க்காத அந்தப் பக்கத்தில் ஒரு புதிய பதிவு வந்திருந்தது. எழுதியவர் பெயர் எலிசபெத்.

“இருக்கட்டும். எனக்குப் பார்வை கிடையாது. மடிக்கணினியில் எழுத்தை வாசித்துக் காட்டும் மென்பொருள் வழியாகத்தான் எல்லாக் கட்டுரைகளையும் கேட்கிறேன். தேட வேண்டுமென்றால் பெயர் தெரிய வேண்டும். பெயரே தெரியாததை எப்படித் தேடுவது? மனுக்கள் குழு என்று ஒன்று இருப்பதே இந்தப் பெட்டியில்தான் எனக்குத் தெரிந்தது. செய்தவருக்கு நன்றி.”

தமயந்தி படித்தாள். எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி படித்தாள். அவள் வைத்த ஒரு பெயரின் மேல் யாரோ வந்து நின்றிருக்கிறார்கள், உள்ளே போயிருக்கிறார்கள். அழ வேண்டும்போல இருந்தது, அழவில்லை. நன்றி சொல்ல வேண்டியவள் தானல்லவா என்று மட்டும் தோன்றியது.

அதையே, தளத்தில் எலிசபெத்துக்குச் செய்தி விடுவதற்கான பேச்சுப் பக்கத்தில் எழுதினாள். பதில் உடனே வந்தது. எலிசபெத்தும் பெங்களூர்தான், மர்பி டவுன். ஒரு சின்ன விஷயம் சொல்ல வேண்டும், எழுதினால் புரியாது, காதால் கேட்டால்தான் புரியும், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தபின் வீட்டுக்கு வர முடியுமா என்று கேட்டிருந்தாள்.

தமயந்தி தனியாக அவ்வளவு தூரம் பேருந்தில் போனது அதுவே முதல்முறை. எலிசபெத்துக்கு அவள் வயதுதான் இருக்கும். ஒரு வங்கியில் தொலைபேசி இணைப்புப் பிரிவில் வேலை. அதிகாரி பதவிக்கான தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். தங்கவயலில் சுரங்கம் மூடியபின் குடும்பத்தோடு இங்கே வந்தவர்கள் என்று அவளுடைய அம்மா மேரி சொன்னார். தேநீரைக் கையில் கொடுத்துவிட்டு, மகளின் மடிக்கணினியைக் கண்ணால் காட்டினார்.

“அந்த டப்பா உன்னுதாமா? அது ஆரம்பிச்சா நான் போயி சோறு வடிச்சிட்டு வந்துடுவேன். அப்பவும் ஊர் பேரைச் சொல்லினே இருக்கும்.”

“சும்னே இரும்மா,” என்று கன்னடம் கலந்து அம்மாவை அடக்கினாள் எலிசபெத். பிறகு தமயந்தி பக்கம் திரும்பி, “கண்ணை மூடிக்கோங்கக்கா. நீங்க செஞ்சதை ஒரு தடவை கேளுங்க,” என்றாள்.

தான் வழக்கமாகக் கேட்கும் வேகத்தில் முதலில் ஓடவிட்டாள். தமயந்திக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. வேகத்தைக் குறைத்தாள். இயந்திரக் குரல் நிதானமாகத் தொடங்கியது. மக்களவை புள்ளி மாநிலங்களவை புள்ளி குடியரசுத் தலைவர் புள்ளி. பெயர்களைப் பிரித்துக் காட்ட நடுவில் தமயந்தி வைத்த அழகான வட்டப் புள்ளிகள் ஒவ்வொன்றையும் குரல் சொல்லிக்கொண்டே போனது. ஆந்திரா வந்தது. அசாம் வந்தது. பீகார் முடியவே இல்லை. குழுக்களை எங்கே வைத்தோம் என்று தமயந்தி யோசித்தாள். தொகுதிகளுக்குக் கீழே. அழகாக இருக்கும் என்று கடைசியில் வைத்தது. அங்கே போக இந்தியா முழுவதையும் கடக்க வேண்டும். கண் இருந்ததால் அவள் எப்போதும் தாண்டிப் போயிருக்கிறாள். தாண்டுகிறோம் என்பதே தெரியாமல்.

உத்தரப்பிரதேசத்தின் நடுவில் அவள் கண்ணைத் திறந்தாள்.

“தினமும் இதையா கேட்டீங்க?”

“தினமும் இல்லக்கா. பாத்திரம் கழுவும்போது ஓடவிட்டுடுவேன். குழு வரும்போது ஓடி வருவேன்.” எலிசபெத் சிரித்தாள். “நிஜமான லிஸ்ட்டா இருந்தா ஒரு கீயைத் தட்டினா அடுத்த லிஸ்ட்டுக்குத் தாவிடலாம். இது லிஸ்ட் மாதிரி வரைஞ்சது. எனக்கு ஒரே கயிறு.”

இதை ஏன் கருத்துப் பக்கத்தில் எழுதவில்லை என்று தமயந்தி கேட்டாள்.

“எழுதினா எடுத்துடுவாங்கல்ல. வழி இல்லாததுக்கு நீளமான வழி மேல்.”

திரும்பும் பேருந்து மேம்பாலத்தில் ஏறியபோது தமயந்தி அந்த வார்த்தைகளை நினைத்துக்கொண்டிருந்தாள். ஒரு வாரமாக அவளுக்கு வேண்டியிருந்தது இப்போது கைக்கு வந்துவிட்டது. எலிசபெத்தின் பதிவுக்குக் கீழே வேறு இருவர் இருக்கட்டும் என்று எழுதியிருந்தார்கள். ஹரிஷும் யோசிக்கிறேன் என்றிருந்தார். அவள் எதுவும் செய்யாமல் இருந்தாலே போதும், பெட்டி நிலைத்துவிடும். கட்டுரைகளின் அடியில் இப்படியே, திரை நிறைய, ஒன்றும் விடுபடாமல் நிற்கும்.

ஒன்றும் விடுபடாமல். அந்த ஆசை யாருக்காக இருந்தது என்று இப்போது அவளுக்குத் தெரிந்தது. வேலை கேட்டுப் போன பள்ளிகளில் எதிரே உட்கார்ந்திருந்தவர்களிடம் சொல்ல முடியாமல் போனதை எல்லாம் சேர்த்து ஒரே இடத்தில் காட்டியிருக்கிறாள். பாருங்கள், எனக்கு இவ்வளவு தெரியும். அதை அவர்கள் பார்க்கவில்லை. பார்க்க முடியாத ஒருத்தி பொறுமையாகக் கடைசிவரை கேட்டிருக்கிறாள், குறையையும் வெளியில் சொல்லாமல் காப்பாற்றியிருக்கிறாள். வெட்கம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. யாரோ தோளிலிருந்து பையை வாங்கிக்கொண்டதைப் போல இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் கருத்துப் பக்கத்தைத் திறந்து எழுதினாள்.

“நீக்கலாம். இதற்குப் பதிலாகச் சிறு பெட்டிகளாகப் பிரித்துத் தருகிறேன். குழுக்கள் தனி, சட்டமியற்றும் படிகள் தனி, ஒவ்வொரு மாநிலத்தின் தொகுதிகளும் தனி. ஒவ்வொரு கட்டுரையிலும் அதற்குரியது மட்டும் வரும். கைபேசியில் இவையும் தெரியாதுதான், ஆனால் பக்கம் கனக்காது. நடுவில் புள்ளி இல்லாமல் முறையான பட்டியலாகச் செய்கிறேன். அதுவரை அவகாசம் வேண்டும்.”

ஹரிஷ் அவகாசம் கொடுத்தார். பட்டியலை முறையாக அமைக்கும் நிரல்வரிகளைத் தானே எழுதி அனுப்பினார். கேட்டுக் கேட்டுத் திருத்தும் வேலை எலிசபெத்துடையது. குழுக்களை எந்த வரிசையில் வைப்பது என்று இருவரும் ஃபோனில் சண்டைகூடப் போட்டார்கள். பேர் பெரிய குழுவை முதலில் வைக்கணுமா, ஜனங்களுக்கு வேண்டியதை முதலில் வைக்கணுமா என்று எலிசபெத் கேட்டாள். தமயந்தி தோற்றாள். அன்று முழுவதும் அவள் மனம் லேசாக இருந்தது. நீ சொன்னது தப்பு என்று உரிமையோடு சொல்ல இந்த ஊரில் ஒருத்தி கிடைத்திருக்கிறாள்.

எல்லாக் கட்டுரைகளிலும் சிறு பெட்டிகள் ஏறி முடிந்தபின் ஒரு பிற்பகலில் பழைய பெட்டி நீக்கப்பட்டது. நீக்கல் பதிவேட்டில் ஒரே ஒரு வரி: நாடாளுமன்றப் பெட்டி, நீக்கியவர் ஹரிஷ், காரணம்: உருவாக்கியவரின் வேண்டுகோள். தமயந்தி அந்த வரியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்காவது வலிக்கிறதா என்று தேடினாள். பல் பிடுங்கிய இடத்தை நாக்கால் தொட்டுப் பார்ப்பதைப் போல.

அந்த வரியின் ஓரத்தில் ‘நன்றி’ என்று ஒரு சிறிய இணைப்பு இருந்தது. மற்றவர்களின் வேலைக்கு நன்றி சொல்வதற்காகத் தளத்தில் வைத்திருப்பது; இங்கே அது ஹரிஷுக்குப் போகும். அதைச் சொடுக்கினாள். நன்றியைப் பொதுவில் தெரிவிக்கலாமா என்று கேட்டது.

ஆம் என்றாள்.