இரவல் போன முப்பிடாதி

அந்த ஊர் நூலகத்தில் நூல்கள்தான் ஆட்களை இரவல் வாங்கும். பழைய நூல்களில் எழுத்து உதிர்ந்த இடத்தை அடைத்துக்கொண்டு நிற்க ஓர் ஆள் தேவைப்படும். இந்த முறை உலகம்மாளின் கணவர் முப்பிடாதியை எடுத்துப் போயிருந்தார்கள். தவணை முடிந்தும் அவர் வீடு வரவில்லை.

சாயங்காலம் நூலகத்தில் பூச்சி மருந்து அடிக்கப்போவதாகத் தெருவில் பேச்சு வந்தது. முப்பிடாதிக்குச் சாம்பிராணிப் புகையே ஆகாது. உலகம்மாள் அடுப்பு அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்பினாள். பாதி வழியில் சந்தேகம் வந்து, திரும்பிப் போய் மறுபடியும் பார்த்துவிட்டு ஓடினாள்.

நூலகர் தளவாய் ஒரு நூலின் கிழிந்த முதுகுக்குப் பசை தடவிக்கொண்டிருந்தார்.

“எதில வச்சேன்னு ஞாபகம் இல்லையேம்மா. உள்ள போய்த் தேடிப் பாருங்க.”

முதலில் பெரிய காப்பியத்தைத் திறந்தாள். போர்க்களத்தில், தெருமுனையில் துணி தேய்க்கும் மாசானம் ஈட்டியோடு யானைக்கு அடியில் நின்றான்.

“அண்ணன் இங்க இல்ல மதினி. அவுக வந்தா சண்டையே நடக்காதே!”

துறைமுகங்களின் வரலாற்றில் மிளகு மூட்டைகள் மட்டும் இருந்தன. வைத்திய நூலில் மூட்டுவலிப் பக்கம் அவளைப் பிடித்து நிறுத்தப் பார்த்தது. நிற்க நேரமில்லை. காதல் பாட்டுகளின் தொகுப்பில் பின்தெரு கோமதி அக்கா, தலைவிக்குத் தோழியாக நின்றாள்.

“அடுத்தவ காதலுக்குத் தூது போயே என் காலு ஓஞ்சுபோச்சு. ஏட்டி, அவர எடுக்க வந்தப்ப நீ என்ன சொன்ன?”

“அவுக வாயில்லாப் பூச்சி, பாத்து வச்சுக்கோங்கன்னு சொன்னேன்.”

“கெடுத்தியே! பூச்சிகளப் பத்தின புஸ்தகத்தில போய்ப் பாரு. மருந்த முதல்ல அங்கதான் அடிப்பாக.”

முப்பிடாதி அங்கேதான் இருந்தார். வெட்டுக்கிளிக்கும் கரப்பானுக்கும் நடுவில் கைகட்டி நின்றார். வாய் இருந்த இடம் வழவழவென்று இருந்தது. உலகம்மாள் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். தளவாய் மறித்து, முப்பிடாதியின் சட்டையில் ஒட்டியிருந்த சீட்டைக் காட்டினார்.

“இது குறிப்புதவி நூல். இங்கேயே வச்சுப் பார்க்கலாம், வெளிய தர மாட்டோம். இலக்கியம்னா தாராளமா கொண்டு போகலாம்.”

வாசலில் மருந்து பம்புக்குக் காற்று அடிக்கும் சத்தம் கேட்டது.

கோமதி அக்கா தன் பக்கத்திலிருந்து கத்தினாள். “புலம்புட்டி! பிரிஞ்சவ புலம்பினா அது நெய்தல் பாட்டு. இலக்கியத்தில சேந்துரும்.”

உலகம்மாளுக்குப் பாட்டு வராது. கவலைப்பட வரும்.

“கதவு பூட்டினேனா இல்லையான்னு நான் யார்கிட்ட கேப்பேன்? முருகலா ஒரு தோசை வந்தா அத யாருக்கு வைப்பேன்? நீங்க இருமுற சத்தம் இல்லாம எனக்கு உறக்கம் கொள்ளலியே. மாத்திரை போட்டீங்களா? அந்தப் பாழாப்போன புஸ்தகத்தில குடிக்கத் தண்ணியாவது உண்டா?”

தளவாய் விரலால் மேசையில் தட்டிப் பார்த்தார்.

“நல்லாத்தான் இருக்கு. கடைசி அடியில ஒரு சீர் குறையுது.”

“ஐயோ!” என்றாள் உலகம்மாள்.

“இப்ப சரி.”

அவர் முப்பிடாதியின் சட்டையிலிருந்து அந்தச் சீட்டைக் கிழித்துவிட்டு, இலக்கியம் என்று வேறு சீட்டு ஒட்டினார். வழவழப்பில் மெல்ல ஒரு கோடு விழுந்து வாயானது. முப்பிடாதி இருமினார்.

பாட்டு நெய்தல் என்பதால் அலமாரிகளுக்கு நடுவே கடல் ஏறிக்கொண்டிருந்தது. மருந்து அடிக்க வந்தவர் பம்பைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வெளியே போனார். உலகம்மாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தளவாயிடம் கேட்டாள்.

“நம்ம தெருவுக்கு எந்தப் படகு அண்ணாச்சி?”

“இலக்கண வரிசைக்கிட்ட நிக்கும். அலை உள்வாங்குறதுக்குள்ள ஏறிருங்க.”

அங்கே ஒருத்தி மீனைக் கூறு போட்டு விற்றுக்கொண்டிருந்தாள். உலகம்மாள் செவுளைத் தூக்கிப் பார்த்து, நல்ல சாளையாக ஒரு கூறு வாங்கிக்கொண்டு, முப்பிடாதியை முன்னால் படகில் ஏறச் சொன்னாள்.