ஹாலில் ஒரே ஒரு கொடி

ஹால் விசிறிக்கு நேர் கீழே வேட்டிகள் ஆடிக்கொண்டிருக்கின்றன, வெள்ளை வெளேரென்று, கரை மட்டும் பச்சையாக, என்ன ஒய்யாரம் பார், கட்டுகிறவரைப் போலவே காலை நீட்டி இடத்தை அடைத்துக்கொண்டு, திலகவதி பிழிந்த துணி வாளியோடு குளியலறை வாசலில் நின்று அவற்றையே பார்க்கிறாள், வெளியே கார்த்திகை மழை விட்டபாடில்லை, விட்டாலும் பால்கனியில் துணி போடக்கூடாது, கட்டடத்தின் லட்சணம் கெட்டுவிடுகிறது என்று குடியிருப்போர் சங்கத்தின் உத்தரவு, அடேயப்பா, பெரிய அரண்மனை, சுவரெல்லாம் பாசி பிடித்து ஒழுகுகிறது, ஒரு பாவாடை தொங்கினால்தான் இதன் லட்சணம் கெட்டுவிடப் போகிறதாம். ஆகக்கூடி இந்த வீட்டில் துணி காய்வதற்கு ஒரே இடம் ஹால், ஹாலில் ஒரே ஒரு கொடி, அந்தக் கொடி முழுக்க அவள் புருஷன் தணிகாசலத்தின் அண்ணன் வேதாசலத்தின் வேட்டிகள், தன் தரைத்தள வீட்டில் மழைத்தண்ணீர் புகுந்துவிட்டதென்று ஒரு பெட்டியோடு வந்து இறங்கியவர், வெள்ளத்திலிருந்து தப்பி வந்தவர் மாதிரியா இருக்கிறார், தலைத் தீபாவளிக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி காலையில் ஒரு வேட்டி, மாலையில் ஒரு வேட்டி என்று அவிழ்த்துப் போடுகிறார். எல்லாவற்றையும் இவள்தான் துவைக்கிறாள்.

மகள் சம்யுக்தாவின் துணிகள் இருக்கும் இடம் வேறு. உள் அறையில், பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில், ஜன்னல்கூட இல்லாத இடுக்கில் ஒரு சணல் கயிறு, அதில் அவளுடைய உள்ளாடைகள், அவற்றின் மேல் யார் கண்ணிலும் படாதபடி ஒரு தடித்த துண்டு, அதுவும் ஈரத் துண்டு. கொடியில் பெண்பிள்ளை துணி தெரியக்கூடாது என்பது இந்தக் குடும்பத்துச் சட்டம், யார் எழுதினார்கள், எப்போது எழுதினார்கள், தெரியாது, எல்லோருக்கும் மனப்பாடம். பெண் தினமும் காலையில் அந்தத் துணியைத் தொட்டுப் பார்ப்பாள், ஈரமாக இருக்கும், வேறு இல்லை, அதையே போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போவாள், மைதானத்தில் ஓடுவாள், நானூறு மீட்டர் ஓட்டத்தில் அவளை முந்த அந்த வட்டாரத்தில் ஆளில்லை, வருகிற ஞாயிற்றுக்கிழமை மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கிறார்கள், அதற்காகவே வருஷம் முழுக்க விடியலில் எழுந்து ஓடிய பெண் இப்போது வீட்டுக்குள் காலை அகட்டி அகட்டி நடக்கிறாள், தொடையிடுக்கில் அப்படி ஒரு அரிப்பு, சிவந்து, தடித்து, தோல் உரிந்து. சூடுடா, வெறும் சூடு, இளநீ குடு சரியாயிடும் என்று பெரியப்பா தம்பியிடம் தீர்ப்புச் சொன்னார், எண்ணெய் தேச்சுக் குளிக்கச் சொல்லு என்று அப்பா வழிமொழிந்தார், கொட்டுகிற மழையில், ஊரே கம்பளி போர்த்திக்கொண்டிருக்கும்போது, இந்தப் பெண்ணுக்கு மட்டும் சூடாம்! அவளும் குடித்தாள், தேய்த்துக் குளித்தாள், அரிப்பு இடுப்புவரை ஏறியது. நேற்று சாயங்காலம் தோல் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனபோது அந்த அம்மா பார்த்த மாத்திரத்தில், இது படை, படர்தாமரை, துணிய எங்க காயப்போடுற பாப்பா என்றுதான் முதலில் கேட்டாள், சம்யுக்தா தரையைப் பார்த்துக்கொண்டு, உள்ரூம்ல மேடம், துண்டுக்கு அடியில, என்றாள். துண்டுக்கு அடியில வெச்சா எப்படிம்மா காயும், காத்து பட வேணாமா, எத்தனை மருந்து தடவினாலும் ஈரத்துணியப் போட்டா திரும்பத் திரும்ப வரும், என்று திலகவதியைப் பார்த்துச் சொன்னாள் டாக்டரம்மா. இப்பவே மொறையா பாத்தா ஞாயித்துக்கிழமை ஓடலாம், இல்லைன்னா ஆசைப்பட வேணாம்.

அதை அப்படியே வந்து சொன்னாள் திலகவதி, நேற்று ராத்திரி சாப்பாட்டின்போது, மறைக்காமல், சம்முவோட துணிய ஹால் கொடியில போடணுங்க, ஃபேனுக்குக் கீழ, டாக்டர் சொல்லிட்டாங்க. தணிகாசலம் ரசத்தை உறிஞ்சிக்கொண்டே, அண்ணன் இருக்காரே, அவரு போகட்டும், அதுக்குள்ள வேற ஏதாவது வழி பண்ணலாம், என்றான், அண்ணனோ எதுவும் காதில் விழாதவர் மாதிரி அப்பளத்தை நொறுக்கினார், பெண்ணின் உடம்பில் எரிகிற விஷயம் அவருடைய அப்பளச் சத்தத்தில் முடிந்தே போயிற்று. அப்புறம் ஆரம்பித்தது பாருங்கள் ஆராய்ச்சி! வீட்டுக்குள் துணி காயப்போடச் சிறந்த வழி எது, தணிகாசலம் செல்போனில் வீடியோ போட்டான், அதில் ஒரு இளைஞன், இஸ்திரி கலையாத சட்டையோடு, நண்பர்களே என்று ஆரம்பித்து, மடக்கு ஸ்டாண்டு, கூரையில் தொங்கி ஏறி இறங்கும் கம்பி, கிண்ணத்தில் கல்லுப்பு, ஏசியின் உலர் பட்டன் என்று அடுக்கிக்கொண்டே போனான், ஒரு ஈரத்துணியைக்கூடக் கையில் எடுக்கவில்லை மகராஜன். வேதாசலம் கட்டட இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர், சும்மா இருப்பாரா, காத்து சுத்தணும்டா தணிகா, சுத்தணும்னா ரூமோட கனஅளவு தெரியணும், என்று அளவு நாடாவை எடுத்து ஹாலை நீளவாக்கில் அளந்தார், அகலவாக்கில் அளந்தார், அவர் தலைக்கு மேலே அவருடைய வேட்டியே தொங்கி மொட்டையில் உரசியது, அதை ஒதுக்கிவிட்டு அளந்தார். இரண்டு பேரும் பிறந்த நாளிலிருந்து ஒரு கைக்குட்டையைப் பிழிந்து உதறிப் போட்டவர்கள் இல்லை, இவர்கள் வழி சொல்கிறார்கள், இவர்கள் கனஅளவு பார்க்கிறார்கள், தூ. ஸ்டாண்டுதான் சரி, நாளைக்கே கடைக்குப் போய்ப் பார்ப்போம் என்று முடிவெடுத்துவிட்டு இரண்டு பேரும் குறட்டை விடப் போனார்கள். ஸ்டாண்டு வந்தால் எங்கே வைப்பது என்று கேட்டதற்கு, உள்ரூம்லதான், வேற எங்க, என்றான் தணிகாசலம்.

வாளி கனக்கிறது, இடுப்பு மாற்றி வைத்துக்கொள்கிறாள், இந்த வாளி எத்தனை வாளி, கல்யாணமாகி வந்த புதிதில் வில்லிவாக்கத்து வீட்டு மொட்டை மாடியில் ஒரு வாளி, அது சித்திரை வெயில், அவளுக்கு ஒன்றும் தெரியாது, பாவாடையை, ரவிக்கையை, உள்பாடியை எல்லாம் வரிசையாகக் கொடியில் போட்டுவிட்டுக் கீழே இறங்கி வருகிறாள், மாடியில் பேப்பர் படிக்கப் போன மூத்தார் வேதாசலம் பார்க்கிறார், அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அம்மாவிடம் சொல்கிறார், மாமியார் மகனிடம் சொல்கிறாள், மகன் ராத்திரி அவளிடம் சொல்கிறான், பார்த்த கண் ஒன்று, அதைச் சுமந்த வாய் மூன்று, கடைசியில் அவள் காதில் வந்து விழும்போது அது ஒரு குடும்ப மானப் பிரச்சினை, எங்க வீட்ல இப்படிக் கடை விரிச்சு வழக்கமில்ல திலகா. கடை விரித்தாளாம். அன்றைக்கு அவள் ஒன்றும் பதில் சொல்லவில்லை, சொல்லத் தெரியாமலா, விடுதியில் அவள் எப்படிப் பேசினவள், ஆசிரியப் பயிற்சிப் பள்ளி விடுதியில், மழைக்காலத்தில், அறைக்குள் ஜன்னலுக்கு ஜன்னல் கயிறு கட்டி, ஆறு பேர் துணியும் ஒன்றாகத் தொங்கும், யாருடையது எது என்று தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை, அடியில் படுத்துக்கொண்டு பாடம் படித்தார்கள், சொட்டுகிற நீரை நாக்கை நீட்டிப் பிடித்து விளையாடினாள் ஒரு தோழி, சோப்புத் தண்ணிடி, துப்பு, துப்பு என்று சிரித்தார்கள், அந்தச் சிரிப்பு கேட்கிறது, அது விடுதியா இந்த ஹாலா, கயிறு நீண்டுகொண்டே வருகிறது, வில்லிவாக்கத்து மாடியைத் தாண்டி, பீரோ இடுக்கைத் தாண்டி, அதன் மேல் எல்லாத் துணியும் வெயிலில் படபடக்கிறது, துண்டு எங்கே, மூடின துண்டு எங்கே என்று யாரோ கத்துகிறார்கள், மாமியாரா, இல்லை, மாமியார் செத்து வருஷங்களாயிற்று, பிறகு யார். அம்மா, ஏன் அப்படியே நிக்கிறே என்று சம்யுக்தா கேட்கிறாள், உள் அறை வாசலில், காலை அகட்டி நின்றுகொண்டு. ஆண்கள் இரண்டு பேரும் ஸ்டாண்டு பார்க்க அப்போதுதான் குடையோடு கிளம்பிப் போயிருந்தார்கள்.

திலகவதி வாளியைக் கீழே வைத்தாள். கொடியிலிருந்து வேட்டிகளை ஒவ்வொன்றாக உருவினாள், எல்லாம் இன்னும் ஈரம், பனியன்களையும் உருவினாள், உள் அறைக்குப் போய்ச் சணல் கயிற்றிலிருந்து மகளின் துணிகளை எடுத்தாள், அதே கயிற்றில் வேட்டிகளை நாலாக மடித்துப் போட்டாள், மேலே அந்த ஈரத் துண்டை ஒழுங்காக விரித்து மூடினாள், மானம் காக்க வேண்டாமா. பிறகு ஹாலுக்கு வந்து சம்யுக்தாவின் துணிகளை மறுபடி அலசிப் பிழிந்து, உதறி, ஒன்றை ஒன்று தொடாமல் விரலகல இடைவெளி விட்டு, நேர் நடுவில், விசிறிக்குக் கீழே போட்டாள், விசிறியை முழு வேகத்தில் திருப்பினாள். ஐயோ அம்மா, பெரியப்பா பாப்பாரும்மா, ஒரு துண்டாவது மேல போடேன். பாக்கட்டும். அப்பா திட்டுவாரும்மா. திட்டட்டும்டி, நீ ஓடணுமா வேணாமா, அதைச் சொல்லு. சம்யுக்தா கொடியைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், ஓடணும் என்றாள், மெதுவாகத்தான் சொன்னாள், ஆனால் சொன்னாள். அதற்கப்புறம் அவளே போய் வாளியில் மிச்சமிருந்த ஓட்டக் கால்சட்டையை எடுத்து ஓரமாகப் போட்டாள்.

மத்தியானம் கழித்து வந்தார்கள் ஆராய்ச்சியாளர்கள், கையில் ஸ்டாண்டு இல்லை, வெறும் விலைச்சீட்டுதான், இதுல கம்பி மெல்லிசு, அதுல சக்கரம் சரியில்ல என்று வாசலிலேயே பேசிக்கொண்டு வந்தவர்கள் ஹாலில் கால் வைத்ததும் நின்றார்கள். வேதாசலத்தின் நாற்காலிக்கு நேர் மேலே அவருடைய தம்பி மகளின் உள்ளாடைகள் காற்றில் சுற்றிக்கொண்டிருந்தன. தணிகாசலம் தொண்டையைக் கனைத்தான், திலகா, என்ன இது, ஆம்பளைங்க உக்கார்ற எடத்துல. பொம்பளைங்களும் இங்கதாங்க குடியிருக்கோம், என்றாள் அவள், சமையலறையிலிருந்தே, கரண்டியைக்கூட வைக்காமல். அண்ணன் பேசவில்லை, அவர் என்றைக்கு நேராகப் பேசினார், மூன்று வாய் வேண்டும் அவருக்கு, இப்போது ஒரு வாய் செத்துப்போயிற்று, இன்னொரு வாய் கனைத்துக்கொண்டு நிற்கிறது, ஆகவே முகத்தைத் திருப்பிக்கொண்டு விறுவிறுவென்று பால்கனிக்குப் போய், கதவையும் சாத்திக்கொண்டு, வெளியைப் பார்த்து நின்றுவிட்டார், தவம் இருக்கிற ரிஷி மாதிரி. மழைக்கு என்ன மரியாதை தெரியும், அடித்தது ஒரு சாரல், அடுத்து இன்னொன்று, அங்கே ஒதுங்கக்கூட இடமில்லை, உள்ளே வந்தால் தலைக்கு மேலே அது, எதற்கு வீம்பு, நின்றார், நன்றாக நனைகிறவரைக்கும் நின்றார். கதவு திறந்தபோது வேட்டி காலோடு ஒட்டிக்கொண்டிருந்தது, பற்கள் தந்தியடித்தன, பார்வையைத் தரையிலேயே வைத்துக்கொண்டு, ஒரு வேட்டி இருந்தா குடும்மா, என்றார், கல்யாணமாகி வந்த இத்தனை வருஷத்தில் அவளிடம் அவர் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான். எல்லாம் உள்ரூம்ல இருக்கு மாமா, துண்டுக்கு அடியில. காஞ்சிருக்கா? அது எப்படி மாமா காயும்.

தணிகாசலம் விசிறியைப் பார்த்தான், கொடியைப் பார்த்தான், விலைச்சீட்டை மடித்துப் பைக்குள் வைத்தான். சம்யுக்தாதான் உள்ளே போனாள், காலை அகட்டி அகட்டி நடந்து போய், மடித்திருந்த வேட்டிகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு அப்படியே நடந்து வந்து, இரண்டு கையாலும் நீட்டினாள், அவள் முகத்தில் கேலி ஏதும் இல்லை, அக்கறையாகத்தான் சொன்னாள், கட்டிக்கோங்க பெரியப்பா, மொதல்ல சில்லுனு இருக்கும், அப்புறம் உடம்பு சூட்டுலயே காஞ்சிடும், எனக்கெல்லாம் அப்படித்தான் காயும்.