இரண்டாவது கல்

1

கதை எப்படிக் கிடைத்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என்னிடம் ஒரே ஒரு வாக்கியம் சொல்லச் சொன்னார்கள். வாய் வரவில்லை. இரண்டு குளிர்காலம் கழித்து, தாளிலாவது சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், கண்ணுகளா.

முதல் தொடக்கம்: நாரின் நகருக்குப் போகும் கணவாயில் பனி இறங்கத் தொடங்கிய அந்தக் காலையில் தூர்தகுன் தன் ஜீப்புக்கு அடியில்

(வேண்டாம். பனியில் தொடங்கினால் பனியைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பேன். எனக்கு அந்தப் புத்தி உண்டு.)

இரண்டாம் தொடக்கம்: தூர்தகுனுக்கு மெலிஸ் என்று ஒரே தம்பி

உண்டு என்று எழுதுவதா, இருந்தான் என்று எழுதுவதா? இங்கேதான் பேனா நின்றது. உங்களிடம் மறைப்பானேன். வெள்ளிக்கிழமை விடியும்போது மெலிஸ் நாரின் ஆஸ்பத்திரியில் இறந்துபோனான். பாருங்கள், உங்களுக்குச் சொல்லிவிட முடிகிறது. தூர்தகுனுக்குத்தான் முடியவில்லை. அவன் அந்தத் தம்பியை வீட்டுக்கு அழைத்துவரத்தான் ஜீப்பைச் சரிசெய்துகொண்டிருந்தான்.

2

நாலு சக்கரமும் இழுக்கிற பழைய ரஷ்ய ஜீப். இன்ஜினின் சுழற்சியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் இரும்புத் தண்டு, ஷாஃப்ட், ஒரு மாதமாக டக் டக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. அதோடு கணவாய் ஏற முடியாது. மெலிஸ் ஆஸ்பத்திரியில் படுக்கும் முன்பே, உடைத்துப் போட்ட ஒரு ஜீப்பிலிருந்து வேறு ஷாஃப்ட் வாங்கி அனுப்பியிருந்தான். அது இரண்டு துண்டு. பல்லோடு பல் பொருந்த ஒன்றுக்குள் ஒன்று செருக வேண்டும், பல் மாறினால் வண்டி உதறும். இரண்டிலும் வெள்ளைப் பெயின்டில் கோடு போட்டிருந்தான்.

"அண்ணே, இந்தக் கோடும் அந்தக் கோடும் நேரா வரணும். உனக்குக் கண்ணு தெரியாதுன்னு தடிமனாப் போட்டிருக்கேன்."

முந்தின நாள் போனிலும் அதே கேலிதான். "பின்சீட்ட கழட்டிட்டு மெத்தை போட்டுக் கொண்டா. ராஜா மாதிரி படுத்துக்கிட்டு வருவேன்."

(இந்த வாக்கியத்தை நான் உண்டாக்கியிருந்தால் வெட்டியெறிந்திருப்பேன். அவனே சொன்னது. கை வரவில்லை.)

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். இந்த ஜீப்பில் கைபிரேக் சக்கரத்தைப் பிடிக்காது, ஷாஃப்டைத்தான் பிடிக்கும். ஷாஃப்டைக் கழற்றிவிட்டால் பிரேக் வெறும் குச்சி. அதனால் தூர்தகுன் பின்சக்கரத்துக்கு ஒரு நல்ல கல்லாகப் பார்த்து அண்டை கொடுத்திருந்தான். ஒரே ஒரு கல்.

3

வண்டிக்கு அடியில் படுத்திருப்பவனுக்கு உலகம் கணுக்கால் உயரம்தான்.

முதலில் வந்தவை தோல் பூட்ஸ், இடது குதிகால் தேய்ந்தது. பக்கத்து வீட்டு ஷார்ஷென்.

"வாங்கண்ணே! வேலை முடியிற நேரமாப் பாத்து வந்துட்டீங்க. டீ வாசனை உங்க வீடு வரைக்கும் அடிக்குதா?"

ஷார்ஷெனை ஒன்று சொன்னால் இரண்டாகத் திரும்பி வரும். இருபது வருடமாக அப்படித்தான்.

"குளிரு ஜாஸ்தியா இருக்கு. முதுகுக்குக் கீழ ஆட்டுத்தோல் விரிச்சிருக்கியா?" என்றார்.

(என் பிரதியில் அவருக்கு ஒரு நல்ல நகைச்சுவை எழுதிக் கொடுத்திருந்தேன். வாங்கிக்கொள்ள மாட்டேன் என்றுவிட்டார்.)

பிறகு தூர்தகுனுடைய மச்சானின் பூட்ஸ். பிறகு இரண்டு ஜோடி ரப்பர்க் காலணி. எல்லாம் வண்டியைச் சுற்றி வந்து நின்றன.

"என்னப்பா, ஒரு ஷாஃப்டுக்கு ஊரே வேணுமா? வந்ததுக்கு ஒருத்தராவது அந்தத் துணியை எடுத்துக் குடுங்க."

நான்கு கைகள் ஒரே சமயத்தில் துணியை நீட்டின.¹

¹ எங்கள் பக்கம் சாவை நேராகச் சொல்வதில்லை. ஆள் சேர வேண்டும். கேட்பவனைத் தாங்க இரண்டு பக்கமும் தோள் இருக்க வேண்டும். சொல்லத் தெரிந்தவர் சுற்றி வளைத்துச் சொல்ல வேண்டும். வண்டிக்கு அடியில் இருப்பவனுக்கு எங்கே தோள் கொடுப்பது? தொழுகை நடத்தும் மோல்டோவை, அவருடைய பளபளக்கும் காலணி காட்டிக்கொடுத்துவிடும் என்று, சுவருக்கு அந்தப் பக்கமே நிறுத்தியிருந்தோம்.

4

ஷார்ஷென் குனிந்தார். இன்னொரு கல்லைக் கொண்டுவந்து, மற்றொரு பின்சக்கரத்துக்கு மெதுவாக அண்டை கொடுத்தார்.

"எதுக்குண்ணே? ஒண்ணு வெச்சிருக்கேனே."

"இருக்கட்டும்."

"வண்டி மேல அக்கறையா, என் மேலயா?"

ஷார்ஷென் அந்தக் கல்லைப் பூட்ஸ் முனையால் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினார்.

ஸ்பேனர் சத்தம் நின்றது. தூர்தகுன் அந்தக் கல்லைப் பார்த்துக்கொண்டே கிடந்தான். மனிதர்கள் சும்மா இப்படிக் கல் வைப்பதில்லை. மேலே கைக்கெட்டும் தூரத்தில் தம்பி போட்ட இரண்டு வெள்ளைக் கோடுகள், நூல் பிடித்ததுபோல் நேராக நின்றன.

"நூர்புபு," என்று மனைவியைக் கூப்பிட்டான். "மெத்தை எடுத்து வெச்சியா?"

"வெச்சாச்சு." மூக்கடைத்த குரல். காலையில் போனை எடுத்தவள் அவள்தான்.

மறுபடி ஸ்பேனர் சத்தம். முன்னைவிட மெதுவாக. இந்தப் பக்கம் நாலு நட்டு, அந்தப் பக்கம் நாலு. ஏழு இறுகிவிட்டன. எட்டாவதும் இறுகினால் வெளியே வந்தாக வேண்டும்.

அவனுக்குத் தெரிந்துவிட்டதா? தெரிந்துவிட்டது என்று எழுதினேன், அடித்தேன். தெரியாது என்று எழுதினேன், அதையும்

5

இப்படி முடிக்கலாம்: அவன் வெளியே வருகிறான், இரண்டு தோள்கள் பிடிக்கின்றன, "என் ஈரலே!" என்று ஆண்கள் கதறுகிறார்கள். எங்கள் மொழியில் கூடப்பிறந்தவனுக்கும் ஈரலுக்கும் ஒரே சொல். முறைப்படியான முடிவு.

இப்படியும் முடிக்கலாம்: யாரும் சொல்லவில்லை. அவன் மெத்தையோடு கணவாய் ஏறி, வண்டி ஒரு உதறல்கூட இல்லாமல் ஓடுவதைத் தம்பியிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே போய், யாரோ ஒரு நர்ஸின் வாயால் கேட்கிறான். இதை நான் எழுத மாட்டேன்.

நிஜத்தில் நடந்ததையும் சொல்லமாட்டேன். அது அவனுடையது.

6

ஒன்று மட்டும் மறைத்துவிட்டேன். அந்த ரப்பர்க் காலணிகளில் பச்சை நிற ஜோடி என்னுடையது. "கல்யாண வீட்டுல அவ்வளவு கதை சொல்றீங்களே, நீங்க சொல்லுங்கக்கா," என்று ஷார்ஷென் என் முழங்கையைத் தொட்டார். நான் வண்டிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். குனிந்தேன்.

அடியிலிருந்து ஒரு கை நீண்டது. கிரீஸ் அப்பிய, விரல் விரித்த கை.

"பச்சைச் செருப்பு, அக்காதானே?" என்றான். "அந்தப் பதினாலாம் நம்பர் ஸ்பேனர எடுத்துக் குடுங்க."

பதினாலாம் நம்பர் ஸ்பேனர் அவனுடைய இன்னொரு கையில் இருந்தது. அவன் கேட்டது ஸ்பேனரை இல்லை என்று எனக்குத் தெரிந்தது. எனக்குத் தெரியும் என்று அவனுக்கும் தெரிந்தது.

என் முழங்கால் இதற்குமேல் மடங்காது, கண்ணுகளா. நீங்கள் இவ்வளவு தூரம் கூடவே வந்து நிற்கிறீர்கள். உங்கள் கால்களையும் அவன் எண்ணியிருப்பான். கை இன்னும் நீண்டேயிருக்கிறது. குளிருகிறது. யாராவது பிடியுங்கள்.