காலி டிபன் பாக்ஸ்

டெல்சிக்கு வாய் சும்மா இருந்தாலும் கண் சும்மா இருக்காது. அப்படிப்பட்டவளைப் போய் ஓசூரில் அந்த வீட்டுக்குப் பொறுப்பாக வைத்திருந்தார்கள். வேலை என்று ஏமாற்றிக் கூட்டிப்போய் அடைத்து வைத்த இடங்களிலிருந்து மீண்டு வந்த ஆறு பெண்கள் அங்கே இருந்தார்கள். எத்தனை வருடம் வேண்டுமானாலும் இருக்கலாம். வெளியே கிளம்புகிறவளை எங்கே என்று கேட்கக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். டெல்சிக்கு அது பத்தியச் சாப்பாடாக இருந்தது.

பவளம் வந்து நான்கு மாதம் ஆகிறது. பெங்களூரில் ஒரு பங்களாவில் இரண்டு வருடம் அடைபட்டுக் கிடந்தவள். காய் வாங்கப் போனால்கூடப் பின்னால் ஓர் ஆள் வருவானாம். இதற்கு முன் இரண்டு இல்லங்களிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டாள். இங்கேயாவது இவள் கால் தரிக்க வேண்டுமே என்று டெல்சி தினமும் ஜெபம் செய்தாள்.

அந்தப் பவளம் மூன்று வாரமாக மாலை ஐந்து மணிக்குத் தலைவாரி, பையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். ஐந்தே முக்காலுக்குத் திரும்புவாள். வந்ததும் பையிலிருந்து டிபன் பாக்ஸை எடுத்துக் கழுவிக் கவிழ்ப்பாள். அதில் அவள் ஒரு நாளும் சோறு போட்டுக்கொண்டு போனதில்லை!

டெல்சிக்கு மண்டை குடைந்தது. அவளைப் பங்களாவில் கொண்டுபோய் விட்ட பழைய புரோக்கர் மறுபடி வலை விரிக்கிறானோ? பயத்தால்தான் இந்தத் தவிப்பு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். உண்மையில் பயம் கால், ஆவல் முக்கால்.

வெள்ளிக்கிழமை சேலைத் தலைப்பை முக்காடாக இழுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள். கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில் பவளம் காத்திருந்தாள். ஷிஃப்ட் முடிந்த பெண்கள் இறங்கியதும் அவர்களோடு கலந்து நடந்தாள். அவர்களைப் போலவே பையைத் தோள் மாற்றினாள், அலுத்துக்கொண்டாள். வேலைக்கே போகாதவள் வேலை முடிந்து வந்துகொண்டிருந்தாள். டெல்சி மறைந்து நிற்க மறந்துபோனாள்.

பவளம் பார்த்துவிட்டாள்.

“நீங்களுமாக்கா பின்னாடி வர்றீங்க?”

அன்றைக்குப் பவளம் சாப்பிடவில்லை.

மறுநாளும் ஐந்து மணிக்குக் கிளம்பினாள். டெல்சி தெருப்பக்கம் திரும்பாமல் அடுப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ஐந்தே முக்கால் ஆயிற்று. ஆறும் ஆயிற்று. பவளத்துக்கு எடுத்து வைத்த டீயில் ஆடை படிந்தது. என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேனே என்று அழுதாள்.

ஆறரைக்கு கேட் கிரீச்சிட்டது. பவளம் நேராக வந்து டிபன் பாக்ஸைக் கழுவினாள். திரும்பாமலே பேசினாள்.

“பெங்களூர்ல வேலையும் அதே வீட்ல, படுக்கையும் அதே வீட்லக்கா. வேல விட்டு வீட்டுக்கு வர்றது எப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரியாது. அதான் வந்து வந்து பாக்கறேன்.”

டெல்சி ஆடை படிந்த டீயை மறுபடி அடுப்பில் ஏற்றினாள்.

“அந்த பஸ்ல வர்ற பொண்ணுங்க கம்பெனில ஆள் எடுக்கறாங்களாம். அத விசாரிச்சிட்டு நின்னுட்டேன். திங்கக்கெழம வரச் சொன்னாங்க. நீங்களும் வாங்கக்கா.” பவளம் இப்போது திரும்பினாள். “பின்னாடி வேணாம். பக்கத்துல வாங்க.”

என்ன கம்பெனி, என்ன வேலை, யார் சொன்னது என்று டெல்சியின் நாக்கு நுனியில் பத்துக் கேள்விகள் துடித்தன. அத்தனையையும் விழுங்கிவிட்டு ஒன்றை மட்டும் கேட்டாள்.

“திங்கக்கெழம அந்த பாக்ஸ்ல என்ன சோறு கட்டட்டும்?”